தனோட் மாதா, ராம்தேவ்ரா போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம். டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராஜஸ்தான் பாலைவனக் கோயில்களுக்குப் போகிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை, முட்டிவலி வேறு.

அவருடைய பெரிய ஆசை தனோட் மாதா கோயில்தான். 1965 போரில் கோயிலைச் சுற்றி விழுந்தும் வெடிக்காத பாகிஸ்தான் குண்டுகளை இன்றும் உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லைப் பாதுகாப்புப் படை. ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 120 கி.மீ. காலையில் கிளம்பி அன்றே திரும்பினால் அம்மா தாங்குவாரா? வழியில் சாப்பாடு, கழிப்பறை எங்கே நன்றாக இருக்கும்?

அப்புறம் பொக்ரான் பக்கத்து ராம்தேவ்ரா. இந்துக்கள் பாபா ராம்தேவ் என்றும் முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் கும்பிடும் மகானின் சமாதி. அங்கே துணிக்குதிரை காணிக்கை வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. கோயில் வாசலிலேயே கிடைக்குமா? முதியவர்களுக்குத் தனி வரிசை உண்டா?

பிகானேர் அருகே தேஷ்னோக் கர்ணி மாதா கோயிலும் திட்டத்தில் உண்டு. காலடியில் எலிகள் ஓடும், செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் காலில் கீறல் பட்டால் சீக்கிரம் ஆறாது, அதுதான் பயம். சாக்ஸ் போட்டுக்கொள்ள விடுவார்களா?