டிசம்பரில் 86, மே மாதம் 71: கெட்டது பாட்டிலா, என் மூக்கா?

நங்கநல்லூர் நோட்டுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாகத்தான் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில், முளைவிட்ட பார்லியில் மட்டும் செய்யும் விஸ்கி) பக்கம் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் சோடா, ஐஸ், வேர்க்கடலை, அதோடு கதை முடிந்தது. இப்போது ஒரு 192 பக்க நோட்டு போட்டு தேதி, மில்லி, வாசம், நூற்றுக்கு எத்தனை மார்க் என்று எழுதி வைக்கிறேன். "பத்தாவது பரீட்சைக்குக்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டீங்க" என்பது வீட்டம்மாவின் விமர்சனம்.

இங்கிலீஷ் விமர்சனங்களில் ஹெதர் பூ வாசம் என்று போடுகிறார்கள். அந்தப் பூவை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வாசத்தையே எழுதுகிறேன். போன டிசம்பரில், மழை விட்ட ஒரு ராத்திரி, வீட்டுக் கூடத்தில் எழுதியது இது:

கிளென்மோரஞ்சி 10: கமலா ஆரஞ்சுத் தோல், பாதாம் பால், சின்ன வயதில் கப் ஐஸ்கிரீமோடு தருவார்களே, அந்தத் தட்டை மரக்கரண்டியை நக்கினால் வரும் ருசி. 86.

அம்ருத் ஃப்யூஷன்: கருப்பட்டி, பட்டை, கடைசியில் விறகடுப்பு. 85.

கிளென்ட்ரோனக் 12: பேரீச்சை, உலர்திராட்சை, பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்த முதல் நொடி. 84.

லஃப்ராய்க் 10: டிங்சர், பல் டாக்டர் அறை, பின்னால் போகிக் காலை. 74.

அதே நான்கு பாட்டில். போன மாதம், கத்திரி நடுவில், மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். பெயர் பார்த்து மார்க் போடக் கூடாது என்று மச்சானை ஊற்றச் சொல்லி, கிளாசுக்கு அடியில் சீட்டு வைத்துவிட்டேன். எல்லாம் ராவாக, 20 மில்லி. சீட்டைத் திருப்பினால் மானம் போயிற்று. உயிராக நினைத்த கிளென்மோரஞ்சிக்கு நான் எழுதியிருந்தது: "நெயில் பாலிஷ், நனைந்த அட்டைப்பெட்டி, 71." ஃப்யூஷன் "மூக்கைச் சுட்டது, 68." கிளென்ட்ரோனக் 80. பிடிக்காத லஃப்ராய்க் 83 வாங்கி முதலிடம்!

பாட்டில்கள் படுக்கையறைப் பரணில் இருக்கின்றன. எங்களுடையது மேல்மாடி வீடு. கிளென்மோரஞ்சி கால் பாட்டில்தான் மீதி, மற்றவை பாதிக்கு மேல் உண்டு. பாட்டில் கெட்டுவிட்டதா, அல்லது நான் இத்தனை நாள் நோட்டில் எழுதியதெல்லாம் கற்பனையா? இன்னொன்று. லஃப்ராய்க்கின் அந்தப் புகை, உள்பக்கம் கருக்கிய பீப்பாயிலிருந்து வருவதுதானே? மச்சான் இல்லை என்கிறான்.

அடையாறு ஆலமரம் எழுதியது:

சார், முதலில் மாடியை விட்டுக் கீழே இறங்குங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கும் நம் ஊர் மே மாதம் முப்பதுக்குக் கீழே இறங்காது. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும், ஆல்கஹாலுக்கு 78 போதும். சூட்டில் முந்திக்கொண்டு எழும்பி வருவது அதுதான். அது முதலில் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும். அதற்கப்புறம் ஆரஞ்சுத் தோலும் பாதாம் பாலும் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இல்லை. உங்கள் நான்கில் ஃப்யூஷனில்தான் ஆல்கஹால் 50 சதவீதம், அதனால்தான் அது அதிகம் சுட்டது. ஏசியை 22இல் வைத்து அரை மணி கழித்து ஊற்றிப் பாருங்கள்.

தண்ணீர் விடுவது பாவம் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். புகை வாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது மேற்பரப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. 59க்கு மேல் போனால் உள்ளே அமுங்கிவிடுகிறது. ஃப்யூஷன் 30 மில்லியில் ஏழரை மில்லி தண்ணீர், அதாவது ஒன்றரை டீஸ்பூன், விட்டால் சரியாக 40 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரேயடியாக விடாமல் அரை அரை ஸ்பூனாக விடுங்கள். கேன் தண்ணீராக இருக்கட்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் சாம்பாரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது!

ராயபுரம் கப்பல்காரர் எழுதியது:

தம்பி, உன் மச்சான் சொன்னதுதான் சரி. அவனுக்கு ஒரு பெக் ஊற்று.

புகை பீப்பாயில் இல்லை, பார்லியில் இருக்கிறது. லஃப்ராய்க் செய்யும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பீட் என்று ஒன்றை வெட்டி எடுப்பார்கள். சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மட்கிய புல் பூண்டு, காயவைத்தால் நம் வறட்டி மாதிரி புகைந்து எரியும். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் காயவைக்கிறார்கள். நீ சொன்ன டிங்சரும் போகியும் அங்கேயே ஏறிவிடுகிறது.

உன்னிடம் இருப்பது நல்ல பாடப்புத்தகம், அது தெரியாமல் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாய். கிளென்மோரஞ்சி 10, லஃப்ராய்க் 10 இரண்டும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் பத்து வருடம் கிடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடி. உன் ஐஸ்கிரீம் கரண்டி புகைக்கு அடியில் லஃப்ராய்க்கிலும் இருக்கும், தேடினால் கிடைக்கும். போர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை போர்பன் இருந்துவிட்டால் அந்தப் பீப்பாயை அவன் மறுபடி போர்பனுக்கு எடுக்க முடியாது, ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிக்கொள்கிறான்.

கிளென்ட்ரோனக் வேறு ஜாதி. ஸ்பெயினின் ஷெரி ஒயின் ஊறிய பீப்பாய், ஒலரோசோ ஒன்று, பெட்ரோ ஹிமெனெஸ் ஒன்று. இரண்டாவது, திராட்சையை வெயிலில் உலர்த்திச் செய்யும் ஒயின், கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். பஞ்சாமிர்த டப்பா என்று எழுதினாயே, மூக்கு பொய் சொல்லவில்லை.

ஃப்யூஷன் லேபிளில் எத்தனை வருடம் பீப்பாயில் கிடந்தது என்று வயது போடவில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும். அம்ருத் செய்யும் பெங்களூரில் 10 முதல் 12. பன்னிரண்டு வருடம் வைத்தால் பீப்பாயில் என்ன மிஞ்சும்? நம் வெயிலில் மரம் சீக்கிரம் வேலையை முடித்துவிடுகிறது. 2004இல் அம்ருத்காரர்கள் தங்கள் மால்ட்டை முதலில் கொண்டுபோய் இறக்கியது கிளாஸ்கோவில். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கப் போனார்கள், விற்றும் காட்டினார்கள்.

சோடா கட்சி எழுதியது:

கத்திரி வெயிலில், மொட்டை மாடியில், ராவாக! நூற்றுக்கு எத்தனை மார்க் போட்டாலும் அந்த ஐடியாவுக்கு என் மார்க் பூஜ்யம். ஜப்பான்காரன் நல்ல விஸ்கியிலேயே ஐஸும் சோடாவும் நிறைய விட்டு ஹைபால் என்று ரசித்துக் குடிக்கிறான், நமக்கு என்ன வந்தது? வெயில் அடங்கும்வரை நோட்டை மூடி வையுங்கள் தலைவா.

மயிலாப்பூர் மூக்கு எழுதியது:

நான் காபி ருசி பார்க்கும் வேலையில் இருப்பவள். விஸ்கி எப்போதாவதுதான். ஆனால் உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை என்னை விடவில்லை.

நெயில் பாலிஷ் சூட்டினால் வந்திருக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி அப்படி வராது. அந்த கிளாசை எங்கிருந்து எடுத்தீர்கள்? வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே கவிழ்த்து வைத்திருந்து, கழுவாமல் அப்படியே எடுத்தீர்களா? கவிழ்த்து வைத்த கிளாசுக்குள் அட்டை வாசம் அடைந்து கிடக்கும். நாங்கள் கப்புகளைத் திறந்த அலமாரியில் நிமிர்த்தித்தான் வைப்போம். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் பெட்டியிலிருந்து எடுத்து நேராக மேசையில் வைத்துவிட்டான், அன்றைக்கு ஒரு நல்ல காபியை நான்கு பேரும் சேர்ந்து குப்பை என்று எழுதினோம்.

இன்னொரு கேள்வி. சீட்டு போட்டதில் எது எந்த வரிசையில் வந்தது? லஃப்ராய்க்குக்கு அப்புறம் கிளென்மோரஞ்சி வந்திருந்தால் பாவம், வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு இளநீரைக் குறை சொன்ன மாதிரி. சீட்டு இருக்கட்டும், ஆனால் புகை கடைசியில் வர வேண்டும், அதை மட்டும் மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

கால் பாட்டில் விஷயம்: உள்ளே காற்று அதிகமானால் வாசம் மெல்ல மெல்ல மங்கும், ஐந்து மாதத்தில் 15 மார்க் விழாது. ஆனால் மேல்மாடிப் பரண் என்பது மே மாதத்தில் அடுப்பு. கீழ் அலமாரிக்கு இறக்குங்கள், மீதியைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள். நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் சரக்கு கார்க்கை அரித்துவிடும். மார்க்கைப் பொறுத்தவரை, ஒரே ராத்திரியில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் அது உதவும். டிசம்பர் 86ஐயும் மே 71ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

நங்கநல்லூர் நோட்டுக்காரன் எழுதியது:

மூக்கு மேடம், கும்பிடு.

என்னிடம் வாசம் பார்க்கும் கிளாஸ் இரண்டுதான் இருந்தது. நான்கு பேருக்கு ஊற்ற வேண்டுமே என்று மச்சான் அன்றைக்குப் புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். பிரித்து, துண்டால் துடைத்து, அப்படியே வைத்தோம். நேற்று அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு காலி கிளாசை எடுத்து மூக்கருகே வைத்தேன். என் நோட்டில் இருக்கும் அதே வார்த்தை! வரிசையும் கேட்டேன். அவனுக்கு நினைவிருந்தது, கிளென்மோரஞ்சி மூன்றாவது, லஃப்ராய்க் இரண்டாவது.

சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். ஏசி 22, சோப்பு போட்டுக் கழுவிக் காற்றில் உலர்த்திய கிளாஸ், கேன் தண்ணீர், புகை கடைசியில். கிளென்மோரஞ்சி 83. ஆரஞ்சுத் தோல் இருக்கிறது, பாதாம் பால் கொஞ்சம் நீர்த்துப்போயிருக்கிறது, அந்த அளவுக்குப் பரண் குற்றவாளிதான். மீதியை 180 மில்லி பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன். ஃப்யூஷன் ஒரு ஸ்பூன் தண்ணீரில் திறந்துகொண்டது, 87. கப்பல்காரர் ஐயா, நீங்கள் சொன்ன ஐஸ்கிரீம் கரண்டியை லஃப்ராய்க்கில் அரை மணி நேரம் தேடினேன். காலி கிளாசைக் கழுவப் போகும்போது கிடைத்தது. மார்க்கும் 83லேயே நிற்கிறது, டிசம்பரில் ஏன் 74 போட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

வீட்டம்மாவிடம் அந்தக் கிளாசை நீட்டினேன். தூரத்திலிருந்தே மோந்து பார்த்துவிட்டு, "போகி அன்னிக்குப் பக்கத்து வீட்டுல பாய் எரிச்சாங்களே, அது" என்றாள். பாய் என்பதை நோட்டில் சேர்த்துக்கொண்டேன்.