கல்லாறு தாண்டியதும் ஊட்டி ரயில் எஞ்சின் சத்தம் மாறுவது ஏன்?

மேட்டுப்பாளையத்துக்காரன்:
போன வாரம் அம்மாவை ஊட்டி மலை ரயிலில் கூட்டிப்போனேன். கல்லாறு வரைக்கும் வேகமாக, சீராக "சுக் சுக்" என்று வந்த எஞ்சின் அதற்கப்புறம் கனத்த மூச்சு விட்டு மெதுவாக ஏறியது, சத்தமே வேறு. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதும் ஏன் என்று அம்மா கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
கல்லாறிலிருந்துதான் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கும். அங்கிருந்து குன்னூர் வரை ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி, சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நாலு சிலிண்டர், நீராவி தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றும் உருளைகள். சமதளத்தில் கீழே உள்ள இரண்டு மட்டும் ஓடும், அவற்றில் வேலை முடித்த நீராவி நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். பல்பட்டை வந்ததும் அதே நீராவியை மேலே உள்ள இரண்டு சிலிண்டருக்குத் திருப்பிவிடுவார்கள், அவைதான் பட்டையைப் பிடித்து ஏறும் பல்சக்கரங்களைச் சுழற்றும். இரண்டு முறை உழைத்த நீராவி வெளியே வருகிறது, சத்தம் மாறாமல் எப்படி இருக்கும்? பட்டையும் இரட்டை, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எந்நேரமும் பிடி இருக்கும்.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடக்கூடாது, அவ்வளவுதான். இறங்கும்போது பாருங்கள், அதே எஞ்சின் முன்னால் வரும்.

ஷெட்_பையன்:
எங்க தாத்தா குன்னூர் ஷெட்டில் ஃபயர்மேன். கரி எஞ்சின் காலத்தில் அதிகாலையிலேயே நெருப்பு போட்டுவிடுவார்களாம், பாய்லரில் அழுத்தம் ஏற அவ்வளவு நேரம் ஆகும். ஏற்றம் முழுக்க மண்வெட்டி கையைவிட்டு இறங்காதாம், தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில்தான் மூச்சு விடுவாராம். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கரி போகாது, அந்தக் கையோடுதான் எனக்குச் சோறு ஊட்டினார். அப்புறம் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். நல்லதுதான், முதுகு பிழைத்தது.

மேட்டுப்பாளையத்துக்காரன்:
இந்த எஞ்சின்கள் எங்கே செய்தது? இன்னும் எத்தனை நாள் ஓடும்?

பல்சக்கரம்:
பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. 1914-லிருந்து வந்தன, கடைசித் தொகுதி 1952-ல். அதற்கப்புறம் அங்கிருந்து புது எஞ்சின் வரவில்லை, உதிரிப்பாகமும் கிடைக்காது. 2011-லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள், எனக்கு அதில் அவ்வளவு பெருமை. குன்னூருக்கு மேலே இப்போது டீசல் எஞ்சின் ஓடுகிறது, அங்கே பல்பட்டை தேவையில்லை. அடுத்த முறை அம்மாவைக் கடைசிப் பெட்டியில் உட்கார வையுங்கள், ஏறும்போது எஞ்சின் அவருக்கு நேர் பின்னால் இருக்கும்.