டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்குச் சென்சார்: அலாரத் தொல்லை, ராத்திரி லோ, அம்மாவின் போன்

கிளினிக் நர்ஸ்:
சென்சார் என்பது தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளந்து, ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி. சுகர் நாம் வைத்த அளவைத் தாண்டினால் (ஹை), அல்லது கீழே போனால் (லோ) போனில் அலாரம் அடிக்கும். ஆசையாக ஒட்டிக்கொண்ட சென்சாரைப் பிள்ளை ஒரே வாரத்தில் பிடுங்கிப் போடுகிறது என்றால் முதலில் அலாரத்தைப் பாருங்கள். பதின்வயதில் சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் 180-ஐத் தாண்டுவது சகஜம். ஹை அலாரத்தை அங்கேயே வைத்தால் வகுப்பு நடுவே கத்தும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் 250-ல் வையுங்கள். இன்சுலின் டோஸ் சீரான பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். லோ அலாரம் 70-லேயே இருக்கட்டும்.

ஒட்டும் இடம் மேல்கையின் பின்பக்கம். அன்றைக்குத் தேங்காய் எண்ணெய், லோஷன் வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் நம்ம ஊர் வியர்வைக்கு ஓரம் கிளம்பிவிடும். (கழற்றும்போது அதே எண்ணெய்தான் பசையை இளக்கும்.) முதல் நாள் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விரலில் குத்திச் சரிபாருங்கள். அதற்கு முன் கை கழுவ வேண்டும். மாம்பழச் சாறு ஒட்டிய விரல் 300 காட்டும்.

சென்சார் பயிற்சியாளர்:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. ராத்திரி 2 மணிக்கு 58 என்று அலறும், குத்திப் பார்த்தால் 110 இருக்கும். சென்சார் பழுதில்லை. அந்தக் கையின் மேல் படுத்திருப்பார்கள். அழுத்தத்தில் அந்த இடத்தில் தோலுக்கடியில் உள்ள திசுநீரின் ஓட்டம் குறைந்து எண் விழுகிறது. கிராஃபில் கோடு திடீரெனச் செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் அப்படியே ஏறினால் அதுதான். அடுத்த சென்சாரை மறு கையில் ஒட்டுங்கள். ஆனால் குத்திப் பார்க்காமல் "படுத்திருப்பான்" என்று விட்டுவிடாதீர்கள்.

நிஜ லோவில் இன்னொரு சிக்கல். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திசுநீரை. ரத்தத்தில் சுகர் ஏறிய பிறகும் திரை 5 முதல் 15 நிமிடம் லோ என்றே காட்டும். பதறி மறுபடி மறுபடி இனிப்பு கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 280-ல் நிற்கும். எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் கணக்கு: 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், 50 கிலோவுக்கு 15. சர்க்கரை என்றால் ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். கொடுத்து 15 நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

பெற்றோர் குழு ஒருங்கிணைப்பாளர்:
எங்கள் குழுவில் அதிகம் வரும் சண்டை ஆப் வழியாக அம்மாவின் போனிலும் தெரியும் சுகர் எண்ணைப் பற்றித்தான். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளையிடம் "மதியம் 240, என்ன தின்னே?" என்பதுதான் முதல் கேள்வி. பத்தாவது நாள் பிள்ளை ப்ளூடூத்தை அணைத்துவிடும். யார், எப்போது கூப்பிடுவது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். உதாரணமாக, 70-க்குக் கீழ் போனால் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். 15 நிமிடத்தில் ஏறாவிட்டால்தான் அம்மா அழைப்பார். 55 என்றால் உடனே. ஹை எண்ணுக்குப் போனே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வாரக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை கேட்பதே 70–180-க்குள் நாளில் 70 சதவீதம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். மீதி 7 மணி நேரத்துக்குத் திட்ட வேண்டியதில்லை. 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள்.

கிளினிக் நர்ஸ்:
அது சரி சார், ஆனால் பிள்ளை அணைக்காமலே சிக்னல் போவதும் உண்டு. ஆண்ட்ராய்டு போன் பேட்டரி சேமிக்க ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். திட்டுவது பிறகு.

பரீட்சைக்கு: சிபிஎஸ்இ 2017 முதல் லோ வந்தால் சாப்பிடும் சர்க்கரை (குளுக்கோஸ்) மாத்திரை, பழம், அரை லிட்டர் தண்ணீர் அனுமதிக்கிறது. போன் உள்ளே போகாது, அதனால் அலாரமும் வராது. டாக்டர் சான்றிதழை முன்கூட்டியே பள்ளியில் கொடுத்து, குளுக்கோமீட்டருக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லிப்ரே 2 என்ற மாடல் என்றால் சென்சாரே 8 மணி நேர அளவுகளைச் சேர்த்து வைக்கும், வெளியே வந்து ஸ்கேன் செய்தால் கோடு முழுசாக வந்துவிடும்.