தேடினால் கிடைக்காத பெயர், பாதியில் அறுந்த செய்தி: கருவிகளில் தமிழ் உடைந்த அனுபவங்களைப் பகிருங்கள்

காவிரிக்கரை:

எங்கள் ஊர் நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றிய நாள் முதல் பலவிதமான சிக்கல்களைப் பார்த்துவிட்டோம். ஆனால் ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அட்டையைப் புதுப்பிக்க வந்திருந்தார். மேசையில் இருந்த இளைஞர் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடிவிட்டு, "அப்படி யாரும் இல்லை, டீச்சர்" என்றார். மீண்டும் தேடினார், மீண்டும் இல்லை. பிறகு பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டு போகும்போது, அவருக்குப் பின்னால் நின்றிருந்த ஆசிரியையே திரையில் விரலை வைத்து, "இதோ இருக்கிறேனே, தம்பி" என்றார். கௌசல்யா என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.

காரணம் இதுதான். பதிவேட்டைத் தட்டச்சிட எடுத்த நிறுவனத்தார் அந்தப் பெயரின் முதல் எழுத்தை ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றாக உடைத்து எழுதியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கௌரி, சௌந்தரம், மௌனிகா என்று அந்தப் பட்டியலில் எத்தனை பேர் இப்படி "இல்லாதவர்கள்" ஆகியிருக்கிறார்கள் என்பதை எண்ணினால் வேதனையாக இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரிடம் "நீங்கள் இல்லை" என்று ஓர் இயந்திரம் சொல்லக் கூடாது. உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

வடலி:

உங்களுக்கு ஒரு பெயர். எங்களுக்கு ஒரு புத்தகமே கைவிட்டுப் போகப் பார்த்தது. எங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றை அப்பா பல ஆண்டுகள் தேடித் தேடித் தொகுத்து, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு கோப்பை ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அன்றிரவே அழைப்பு வந்தது. "அண்ணை, அப்பான்ர கோப்பு பழுதாப் போச்சுது போல. முழுக்க இங்கிலீஸ் எழுத்தாக் கிடக்கு." குரல் உடைந்திருந்தது. முதல் வரியை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். "ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி" என்றான். பாமினி விசைப்பலகையில் பழகிய விரல்களுக்கு அது உடனே விளங்கிவிடும். அந்த ஐந்தும் சேர்ந்தால் "தமிழ்".

கோப்பில் இருந்தவை உண்மையில் ஆங்கிலக் குறியீடுகளே. எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவித்திருந்தது. தம்பியின் கைபேசியில் பாமினி இல்லாததால் உள்ளிருந்தது அப்படியே வெளியே தெரிந்தது. சுரதாவின் எழுத்துருமாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினோம். தமிழ்ப் பகுதி மீண்டது. இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்தவை எல்லாம் சிதைந்தன. அப்பா தந்திருந்த மின்னஞ்சல் முகவரியின் கடைசியில் இருந்த "காம்" என்பது "உழஅ" என்று நின்றது. பழைய ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் அனைத்தையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு நாங்களே திருத்த வேண்டியதாயிற்று. அந்த அச்சுப் பிரதி இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம்? இந்தப் பழைய எழுத்துருக்கள் எங்களுக்குச் செய்த கேடு சொல்லி மாளாது.

அச்சுக்கூடம்:

வடலி அவர்களின் துயரம் புரிகிறது. ஆனால் பழைய எழுத்துருக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை ஏற்க இயலவில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது உண்மைதான். சாதாரண மேசைக்கணினியில் அது ஒழுங்காகத் தெரியத் தொடங்கியதோ விண்டோஸ் 2000இல், லதா எழுத்துருவோடு. அதற்கடுத்த எக்ஸ்பியில்கூடச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். நாங்கள் நூல்களை வடிவமைத்த பேஜ்மேக்கருக்கு ஒருங்குறித் தமிழ் கடைசிவரை தெரியாது. அந்த இடைக்காலம் முழுவதும் தமிழ்ப் புத்தகங்கள் வெளிவந்ததற்கு அந்த எழுத்துருக்களே காரணம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற அட்டவணையை, அதாவது குறியேற்றத்தை, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றாக வகுத்துக்கொண்டதுதான் கேடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசால் ஏற்கப்பட்டன. விசைப்பலகை நிலைத்தது, குறியேற்றச் சிதறல் ஓயவில்லை.

என் அனுபவம் சிறியது. நாங்கள் வடிவமைத்துக் கொடுத்த நினைவு மலரின் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு கட்டுரையைப் படியெடுத்து ஒட்டிய வாடிக்கையாளர், அழாக்குறையாக வந்து நின்றார். "கோயில்" என்பது "ேகாயில்" என்று கிடந்தது. கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் தனியே நின்றன.

ஆகவே நூல் அச்சிடுகிறவர்கள் அனைவருக்கும் சொல்கிறேன். பிடிஎஃப் என்பது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பது. உள்ளிருக்கும் எழுத்தை அது காக்கும் என்று நம்ப வேண்டாம். பல கோப்புகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி வர வேண்டும். அச்சகத்திடமிருந்து கோப்பை வாங்கும்போதே "கோ" என்ற எழுத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்தக் கோப்பிலிருந்து பிற்காலத்தில் ஒரு வரியைக்கூட ஒழுங்காகப் படியெடுக்க இயலாமல் போகலாம். மூலக் கோப்பையும், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும், எந்த அலங்காரமும் இல்லாத ஒருங்குறி உரைக்கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். அச்சுத் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

மணியோசை:

நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். வாட்ஸப் இல்லாத, பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோர் எங்கள் பகுதியில் இன்னும் உண்டு. அவர்களுக்குக் குறுஞ்செய்திதான் வழி. ஒரு மழைநாள் மாலையில், மொத்தமாகச் செய்தி அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக, "நாளை காலை பள்ளிப் பேருந்துகள் எல்லா வழித்தடங்களிலும் வழக்கம்போல் இயங்காது." என்று அனுப்பச் செய்தோம். பெற்றோருக்குக் கிடைத்ததோ "வழக்கம்போல் இயங்க" என்பதோடு நின்றுவிட்டது. கடைசியில் ஏதோ விடுபட்டதாக எண்ணி, அதை "இயங்கும்" என்றே பலர் முடித்துப் படித்திருக்கிறார்கள். மறுநாள் காலை கொட்டும் மழையில், குடைக்குள் ஒடுங்கிய குழந்தைகளோடு அவர்கள் நிறுத்தத்தில் காத்திருந்ததைக் கண்டபோது மனம் பதறிவிட்டது. நம் மொழியில் மறுப்பு வினையின் இறுதியில் வருகிறது. வாலை அறுத்தால் பொருளே தலைகீழாகிறது.

ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகள். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் கிடைக்கும் அதே செய்தியில், தமிழுக்கு 70 குறிகளே கிடைக்கும். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் அந்த 70ம் விரைவில் தீர்ந்துவிடும். "பள்ளிக்கு நாளை விடுமுறை" என்பதில் நாம் எண்ணினால் 11 எழுத்து. கருவி எண்ணினால், இடைவெளிகளையும் சேர்த்து, 23. எங்கள் செய்தியின் நீளம் 74. நீளமான செய்தியை 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, பெறும் கைப்பேசியில் ஒட்டிக் காட்டுவதே முறை. அந்தச் சேவையோ 70க்கு மேல் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டது.

நெடுங்கணக்கு:

மேலே சொன்னவற்றில் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்ளாமல் மெய் வேறு, குறி வேறு என்று பிரித்த, இந்திய மொழிகளுக்கான பழைய குறியேற்றமான இஸ்கி முறையை ஒருங்குறி அப்படியே வாங்கிக்கொண்டது. 128 இடங்களுக்குள் நம்மை அடக்கிவிட்டார்கள். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்தும் மக்கள் கையில் அது வந்து சேரவில்லை. அது வந்திருந்தால் இத்தனை தொல்லை இருந்திருக்காது.

மணியோசை:

நெடுங்கணக்கு ஐயா, உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டேஸ்16, ஒருங்குறியில் அவரவர் தம் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அந்தக் குறிகளை அறியாத கைப்பேசியில் வெறும் கட்டங்களே தெரியும். எங்கள் பெற்றோரின் கையில் இருப்பவை அத்தகைய கைப்பேசிகள்தாம்.

சொற்குவியல்:

காவிரிக்கரை அவர்களுக்குக் கௌசல்யா பெயரில் நேர்ந்ததே எனக்கும் நேர்ந்தது. அகராதி ஒன்றின் தரவில் "பௌர்ணமி" கிடைக்காமல் ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று.

காவிரிக்கரை அவர்கள் கேட்காவிட்டாலும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடங்களை எல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அப்படி மாற்றிய தரவை நான் பார்த்திருக்கிறேன்: "வெள்ளம்" என்பது "வௌ்ளம்" ஆகியிருந்தது, "தெளிவு" என்பது "தௌிவு" ஆகியிருந்தது. கெளுத்தி மீனும் தப்பவில்லை. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ளகரம். அதைத் தொடக் கூடாது. எதுவும் வராமல் நேரே இன்னோர் எழுத்து வந்தால் மட்டுமே ஐயத்துக்குரியது. அதிலும் கதைகளின் உரையாடலில் "கெளம்பு", "வெளயாட்டு" போன்ற பேச்சு வழக்குகள் வரும். அங்கே ளகரம் ளகரமேதான். ஆகையால் ஐயத்துக்குரியவற்றைத் தனியே திரட்டி, மனிதக் கண்ணால் பார்த்து மாற்றுவதே வழி.

அதோடு "ஸ்ரீ" என்று தொடங்கும் பெயர்களையும் பாருங்கள். ஒருங்குறியில் 2005இல் ஶகரம் தனியே சேர்க்கப்பட்ட பிறகு, ஒரே உருவத்தை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஸ்ரீதரும் ஸ்ரீவித்யாவும் தேடலில் தொலைவதற்கு அதுவே காரணம். "எ" என்ற எழுத்தும் தமிழ் எண் ஏழின் குறியும் ஒன்றுபோலவே தெரியும்; அதையும் விட்டுவிடாதீர்கள்.

தூதஞ்சல்:

என் அக்காள் மகளுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. இணைய மையத்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம் முழுவதும், மேலே சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் சாய்கோட்டு ஏ என்று ஓடியது. நடுவே "14" என்பதும் "10.30" என்பதும் மட்டும் ஒழுங்காக நின்றன. நாளும் நேரமும் அவையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துவிட்டாள், இடம்தான் தெரியவில்லை.

ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாக் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. அவற்றை மேலை ஐரோப்பிய அட்டவணையைக் கொண்டு படித்தால் அந்த ஏயும் ஆரும் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். எண்களுக்கு இரண்டு முறையிலும் ஒரே குறி என்பதால் அவை பிழைத்துக்கொண்டன. அஞ்சலின் தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயரை அனுப்புநரின் மென்பொருள் குறிக்காமல் விட்டதே காரணம். அதே அஞ்சலின் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று நான் மாற்றிக் காட்டியதும் முகவரி தெளிவாகத் தெரிந்தது. எக்செலில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது இதே கோலம் தெரிந்தால், இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகப் போய் 65001 என்ற குறியேற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்குள் அவள் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். எடுத்தவர், "எங்கள் திரையில் நன்றாகத்தானே தெரிகிறது, அம்மா" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாராம்.