அப்டேட்: அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு ஜெபமே வரலைனு எழுதியிருந்தேன்ல

போன மாசம் எழுதுனேன், வாரம் மூணு தடவை அம்மாவுக்கு டயாலிசிஸ், முழங்கால் போட்டா வார்த்தையே வரல, கர்த்தர் கேக்குறாரான்னே சந்தேகமா இருக்குனு. சிலர் "விசுவாசம் பத்தல"ன்னீங்க, ரொம்ப வலிச்சுது. ஒரு அக்கா மட்டும் பைபிள்ல சங்கீதம் 88 படிங்க தம்பின்னாங்க. 13-ஆம் சங்கீதம் எதுவரைக்கும்னு அழுது ஆரம்பிச்சாலும் 6 வசனத்துல பாட்டா முடிஞ்சிரும், 88 அப்படி இல்ல, 18 வசனமும் புலம்பல்தான், கடைசி வரைக்கும் ஆறுதலே வராது, ஆனா அதுவும் வேதத்துலதானே இருக்கு! முதல் வசனத்துல மட்டும் அதைப் பாடுறவர் இரட்சிப்பின் தேவனேன்னு கூப்பிடுறாரு. நேத்து அம்மா கைல ஊசி எடுத்த இடத்துல பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே அதை மெதுவா வாசிச்சேன், அம்மா கண்ண மூடிட்டே ஆமென்னாங்க. கிட்னி அப்படியேதான் இருக்கு, சந்தேகமும் முழுசா போகல, ஆனா இப்ப கர்த்தர்கிட்டயே அழுது சண்டை போடுறேன். நாளைக்கு திரும்ப டயாலிசிஸ், ஜெபிச்சுக்கோங்க.