புதுப்பிப்பு: திரையில் மட்டும் பழகிய குழு, காரைநகரில் கூழ்

உதவிய எல்லோருக்கும் நன்றி. வீடுகளில் இருந்தபடி வேலை செய்யும் எங்கள் 11 பேரையும் யாழ்ப்பாணத்தில் 2 நாளில் எப்படி நெருங்க வைப்பது என்று கேட்டிருந்தேன்.

முதல் நாள் நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையில் படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நல்ல காற்று, 4 பேருக்குச் சத்தி (வாந்தி). இறங்கியும் அவரவர் போனோடுதான். படகை இரண்டாம் நாளுக்கு வைத்திருக்கலாம்.

"காரைநகருக்குப் போய்க் கூழ் காய்ச்சுங்கோ" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுதான் சரிவந்தது. இரண்டாம் நாள் அங்கே போனோம். அங்குள்ள கசூரினா கடற்கரையில் கடல் ஆழமில்லை, நீந்தத் தெரியாதவர்களும் இறங்கினார்கள். பிறகு தங்கிய வீட்டு வளவில் அடுப்பு மூட்டினோம். ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் புளி கரைக்க, பேச்சு தானாக வந்தது. கூழுக்குப் போடும் ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா) முதலே ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

எதிர்பாராத ஒன்று: கூட்டங்களில் வாயே திறக்காத வவுனியாத் தம்பி, பனையோலையை மடித்துப் பிளா (கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணம்) கோலினான். எங்கள் மேலாளர் கோலியது ஒழுகியது. அவர் கையைப் பிடித்து மறுபடி மடிப்பித்தான். இப்போது திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் பேசுவது அவன்தான்.