கேட் (CAD, கணினியில் வரைந்து வடிவமைக்கும்) வேலைக்கு 60,000 ரூபாய்க்குள் லேப்டாப்: யோசனை சொல்லுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகள் அம்பாசமுத்திரத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், இந்த செமஸ்டரில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்ற கேட் சாஃப்ட்வேர் இரண்டும் வருகிறது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது, அதைத் தாண்டினால் அக்கா நகையை அடகு வைக்கப் போய்விடுவாள், அது வேண்டாம்.

சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும், அதனால் மேக் பேச்சே இல்லை. ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி, இதற்குக் கீழே இறங்க மாட்டேன். மாடலிங் பெரும்பாலும் ப்ராசஸரின் ஒரே கோரை (core, ப்ராசஸருக்குள் வேலை செய்யும் ஒரு பகுதி) நம்பித்தான் நடக்கும், ஆகவே கோர் எண்ணிக்கையைவிட வேகத்தைத்தான் பார்க்கிறேன்.

குழப்பமெல்லாம் கிராபிக்ஸ் கார்டில்தான். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடைகளில் விசாரித்தால் ஆர்டிஎக்ஸ் 3050 போட்ட கேமிங் லேப்டாப்பைக் காட்டுகிறார்கள், ஆனால் அது இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் கனம் வேறு, நிற்க இடமில்லாத பஸ்ஸில் பிள்ளை எப்படித் தூக்கிக்கொண்டு போவாள்? இன்னொரு வழி, பழைய திங்க்பேட் பி சீரிஸ் அல்லது டெல் பிரிசிஷன் லேப்டாப். அதில் வரும் குவாட்ரோ கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்கென்றே உள்ளது, சரி, ஆனால் ப்ராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, பேட்டரியும் எப்படி இருக்குமோ.

நூறு பாகம் வரை சேர்த்துப் பொருத்திய மாடலுக்கு (அசெம்பிளி) தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமா, ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸே தாங்குமா? பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள். அப்புறம், திருநெல்வேலியிலேயே எந்த கம்பெனிக்கு சர்வீஸ் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.